மூன்றரை நிமிடமா, நாலரை நிமிடமா?

பீட்டில்ஸ் குழுவின் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ பாட்டு எப்படி முடியும் என்று ரொக் கேட்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பாட்டு தேய்ந்து அடங்கும், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப எழும், மறுபடி மங்கி மறுபடி வரும், கடைசியில் ட்ரம்ஸ் அடித்த ரிங்கோ ஸ்டார் விரலெல்லாம் கொப்புளம் என்று கத்துவார் என்பார்கள். சரிதான். ஆனால் 1968இல் பிரித்தானியாவில் விற்ற மோனோ எல்பியில், அதாவது எல்லா ஒலியும் ஒரே வழியாக வரும் நீண்ட இசைத்தட்டில், அந்தக் கத்தல் கிடையாது. முதல் தடவை தேய்ந்ததோடு பாட்டு முடிந்தது. இடது, வலது என்று இரண்டு வழியாக ஒலி வரும் ஸ்டீரியோ எல்பியில் ஏறத்தாழ நாலரை நிமிடம் ஓடும் பாட்டு, மோனோவில் 3:40க்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடுகிறது.

மலையகத்தில் பழைய இசைத்தட்டு தேடித் திரிகிறவர்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுக்குப் போக, வெள்ளைக்காரத் துரைமாரில் மிச்சம் இருந்தவர்களும் புறப்பட்டார்கள். பங்களாக்களில் இருந்த ரேடியோகிராமும் தட்டுகளும் ஸ்டாப்மார் வீடுகளுக்கும், அங்கிருந்து பழஞ்சாமான் கடைகளுக்கும் இறங்கின. அப்படி ஒரு மோனோ தட்டு கையில் கிடைத்தால், ஃபோனில் ஸ்டீரியோவைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அதைப் பழுது என்றுதான் நினைக்கும். போலி என்றுகூட நினைக்கலாம்.

இரண்டுமே அசல். அதில் சண்டை இல்லை. சண்டை வருவது எது நல்லது என்பதில்தான். அந்தச் சண்டையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மோனோ பிரமாதம், ஸ்டீரியோ சப்பை என்று தீர்ப்பு எழுதுகிறவர்களில் அநேகர் மிக்ஸை, அதாவது ஸ்டூடியோவில் ஒலிகளைக் கலந்த விதத்தை, கேட்டு எழுதுவதில்லை. தட்டை வெட்டிய விதம், ஊசியின் தேய்மானம், மோட்டார் சுற்றும் வேகம், அறையின் குளிர் எல்லாம் சேர்ந்து காதில் விழுவதைக் கேட்டுவிட்டு, புகழையும் பழியையும் மிக்ஸின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் பாட்டு எப்படி உருவானது என்று பார்ப்போம். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், தாங்கள் போட்ட ஒரு பாட்டைப்போல் சத்தமானதும் முரடானதும் வேறில்லை என்ற மாதிரி ஒரு பத்திரிகையில் பெருமை அடித்திருந்தார். அதைப் படித்த போல் மெக்கார்ட்னிக்கு, அதையும் மிஞ்ச வேண்டும் என்ற ஆசை பிறந்தது. 1968 ஜூலை 18ஆம் திகதி லண்டன் அபி ரோட்டில் உள்ள ஈஎம்ஐ ஸ்டூடியோவில் முதல் முயற்சி நடந்தது. அன்றைக்கு வாசித்தவை மெதுவான, ப்ளூஸ் சாயல் கொண்ட நீண்ட வடிவங்கள். ஒன்று 27 நிமிடத்தையும் தாண்டியது, எல்பியின் ஒரு பக்கத்தையே விழுங்கியிருக்கும். அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, செப்டெம்பர் 9ஆம் திகதி வேறொரு வேகத்தோடு திரும்ப வந்தார்கள். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் அப்போது விடுமுறையில் இருந்தார். அவர் இடத்தில் 21 வயது கிறிஸ் தோமஸ். ஒலிப்பதிவுப் பொறியியலாளர் கென் ஸ்காட். வழக்கமாக மெக்கார்ட்னி வாசிக்கும் பேஸ் கிட்டார் அன்று ஜோன் லெனன் கையில் இருந்தது. ஜோர்ஜ் ஹரிசன் ஒரு சாம்பல் கிண்ணத்தில் தீ மூட்டி, அதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவைச் சுற்றி ஓடினார் என்று தோமஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கூத்துக்கு நடுவில் 18 தடவை பாட்டை முழுதாக வாசித்தார்கள். கடைசித் தடவையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ரிங்கோவின் விரல் கொப்புளித்ததில் ஆச்சரியம் இல்லை.

பாட்டைப் பதிவு செய்த ஒலிநாடாவில் அந்தக் கத்தல் இருந்தது. மோனோவில் அது ஏன் இல்லை?

மிக்ஸ் என்ற வேலையைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும். குரல், கிட்டார், ட்ரம்ஸ் என்று நாடாவின் தனித்தனித் தடங்களில் கிடப்பதை ஒன்றுசேர்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தத்தில், எந்தத் தொனியில், எவ்வளவு எதிரொலியோடு வரவேண்டும் என்று முடிவு செய்வதுதான் மிக்ஸ். மோனோ என்றால் எல்லாம் ஒரே வழியாக வெளியே வரும். ஸ்டீரியோ என்றால் இடது, வலது, நடு என்று இடமும் ஒதுக்க வேண்டும். இன்றைக்குக் கணினி ஒவ்வொரு அசைவையும் நினைவில் வைத்துக்கொள்ளும். 1968இல் அந்த வசதி இல்லை. நாடா ஓட ஓட, மேசையில் உள்ள குமிழ்களையும் நெம்புகளையும் கையால் அசைத்துக்கொண்டே போக வேண்டும். குரலை இரட்டையாக்கிக் காட்ட அபி ரோட் பொறியியலாளர் கென் டவுன்செண்ட் 1966இல் கண்டுபிடித்த முறை ஒன்று இருந்தது. இரண்டாவது நாடா இயந்திரத்தின் வேகத்தைக் கையாலேயே மெல்ல ஆட்டி அதைச் செய்தார்கள். எனவே மிக்ஸ் என்பதும் ஒரு வாசிப்புத்தான். அதே ஆட்கள் அதே மேசையில் மறுநாள் உட்கார்ந்தாலும் அச்சொட்டாக அதே மாதிரி வராது.

‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ விஷயத்தில் இடைவெளி ஒரு நாள் அல்ல. மோனோ மிக்ஸ் செப்டெம்பர் 17இலும் ஸ்டீரியோ மிக்ஸ் ஒக்டோபர் 12இலும் செய்யப்பட்டன. மூன்றரை வாரத்தில் யோசனை மாறிவிட்டது. மோனோவில் ஒழுங்காக மங்கவிட்டு முடித்தவர்கள், ஸ்டீரியோவில் மங்கியதைத் திரும்ப ஏற்றி, நாடாவின் கடைசித் துண்டையும் கேட்க வைத்தார்கள்.

அந்தக் கால பொப் உலகில் மோனோதான் மூத்த பிள்ளை. பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளில் ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது. 1967இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ எல்பியின் மோனோ மிக்ஸுக்குக் குழுவினரே கூட இருந்து நாள் கணக்காக மெனக்கெட்டார்கள். ஸ்டீரியோவைப் பொறியியலாளர்கள் பிறகு சுருக்கமாக முடித்தார்கள். அதில் உள்ள ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் அரைச்சுருதி கூடி, வேகமாக ஓடும். மெக்கார்ட்னியின் குரல் இளைத்து, சின்னப் பையன் குரலாகிவிடும். மோனோதான் அவர்கள் மனதில் இருந்த உண்மையான வடிவம் என்ற வாதம் பிறந்த இடம் இதுதான். அந்த எல்பியைப் பொறுத்தவரை வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ இடம்பெற்ற, 1968 நவம்பர் 22இல் வந்த வெள்ளை அட்டை எல்பிக்கு அதே வாதத்தை அப்படியே பொருத்த முடியாது. கென் ஸ்காட் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் இங்கே முக்கியம். மோனோவும் ஸ்டீரியோவும் வித்தியாசமாக இருப்பதால் இரண்டையும் வாங்குவதாக ரசிகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த மெக்கார்ட்னி, அப்படியானால் வேண்டுமென்றே வித்தியாசமாகச் செய்வோம் என்றாராம். ஒரே ஆளுக்கு இரண்டு தட்டு விற்கலாம் அல்லவா! வியாபாரிதான். அதே எல்பியில் ரிங்கோ பாடிய ‘டோன்ட் பாஸ் மீ பை’ மோனோவில் வேகம் கூடி ஓடுவதும், முடிவில் ஃபிடில் வாசிப்பு மாறி வருவதும் இந்த நோக்கத்தோடு பொருந்திப் போகின்றன. இதில் எது கலைஞனின் உண்மையான விருப்பம் என்று கேட்டால், இரண்டும் விற்க வேண்டும் என்பதுதான் விருப்பம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1968இல் பெரிய கம்பனிகள் மோனோ எல்பி போடுவதைக் கைவிட்டுவிட்டதால் வெள்ளை எல்பி ஸ்டீரியோவில் மட்டுமே வந்தது. மோனோ ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ அமெரிக்கத் தட்டொன்றில் ஏற 1980வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ரேரிட்டீஸ்’ என்ற தொகுப்பில் அதைச் சேர்த்தார்கள். பிரித்தானியாவிலும் மோனோவின் காலம் அதோடு சரி. அடுத்து 1969 ஜனவரியில் வந்த ‘யெல்லோ சப்மரீன்’ எல்பியின் மோனோ தட்டு, ஸ்டீரியோவின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் குழைத்து எடுத்ததுதான்.

இந்தக் குழைத்தலும் மோனோ மிக்ஸும் ஒன்றல்ல. ஸ்டீரியோ தட்டைப் போட்டு அம்ப்ளிபயரில் மோனோ பொத்தானை அமுக்கினால் மோனோ மிக்ஸ் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கத்தையும் கூட்டும்போது நடுவில் இருந்தவை ஓரத்தில் இருந்தவற்றைவிடச் சத்தத்தில் ஏறத்தாழ 3 டெசிபல் மேலே வந்துவிடும். இடது வலதில் எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி, இருந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யாத மூன்றாவது கலவை ஒன்று பிறக்கும். இந்தப் பாட்டுக்குச் சோதனை சுலபம். மோனோ என்று சொல்லி யாராவது விற்க வந்தால் கடைசி நிமிடத்தைப் போடச் சொல்லுங்கள். ரிங்கோ கத்தினால் அது ஸ்டீரியோவின் பிள்ளை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் என் காதுக்குப் படுவது இது. மோனோவில் கிட்டார்கள் தனித்தனியாகத் தெரிவதில்லை, ஒன்றோடொன்று உரசி ஒரே அடர்த்தியாக வருகின்றன. மெக்கார்ட்னி அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நின்று கத்த வேண்டியிருக்கிறது. பாட்டின் நோக்கமே அந்த இரைச்சல்தான் என்பதால், முதல் மூன்று நிமிடத்துக்கு எனக்கு மோனோதான். ஸ்டீரியோவில் ஒவ்வொன்றுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்கலாம், பின்னணிக் குரல்களைத் தொடரலாம். அந்த அளவுக்கு முரட்டுத்தனம் குறைகிறது. ஆனால் முடிவு என்று வந்தால் ஸ்டீரியோவின் பக்கம்தான் நிற்பேன். தேய்ந்து, எழுந்து, தடுமாறி, ஆளே களைத்துப்போகும் அந்த முடிவு இல்லாமல் மோனோ பாதியில் கதவைச் சாத்திய மாதிரி நிற்கிறது. 1980க்கு முன் மோனோவைக் கேட்டறியாத அமெரிக்க ரசிகர்கள் அந்தத் தொகுப்பில் ஏமாந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

இது மிக்ஸைப் பற்றிய பேச்சு. இனித் தட்டுக்கு வருவோம்.

மிக்ஸ் முடிந்த நாடா அப்படியே கடைக்கு வருவதில்லை. வெட்டும் பொறியியலாளர் ஒருவர் அதை ஓடவிட்டு, அரக்கு பூசிய வட்டில் பள்ளம் வெட்டுகிறார். அபி ரோட்டில் பீட்டில்ஸின் பல தட்டுகளை வெட்டியவர் ஹாரி மோஸ். வெட்டிய வட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சை வைத்துத்தான் வினைல் அழுத்துவார்கள். எவ்வளவு சத்தமாக வெட்டுவது, பேஸ் என்ற கனமான தாழ்ந்த ஒலியை எவ்வளவு கட்டுப்படுத்துவது என்று வெட்டுகிறவரும் முடிவுகள் எடுக்கிறார். ஒரே மிக்ஸை இரண்டு பேர் வெட்டினால் இரண்டு மாதிரிக் கேட்கும். நம்ம ஆட்கள் ‘முதல் அழுத்தம்’ என்று பெருமையாகச் சொல்லும்போது உண்மையில் புகழ்வது அநேகமாக இந்த வெட்டைத்தான்.

பள்ளத்தின் வடிவமே இரண்டிலும் வேறு. மோனோவில் ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடும். ஸ்டீரியோவில் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் ஆளுக்கொரு பக்கத்து ஒலியைச் சுமக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும், வித்தியாசமாக இருப்பது மேலும் கீழுமாக ஆட்டும். பேஸ் இரண்டு பக்கத்திலும் முரண்பட்டு வந்தால் பள்ளம் ஓரிடத்தில் ஆழமாகவும் இன்னோரிடத்தில் மிக ஆழம் குறைந்தும் போய், ஊசி துள்ளி விழும். அதனால்தான் தட்டு வெட்டுகிறவர்கள் பேஸை நடுவுக்குத் தள்ளுகிறார்கள். மோனோவில் அந்தத் தொல்லை கிடையாது. மோனோ தட்டு தடிப்பாக, திடமாகக் கேட்கிறது என்பதில் ஒரு பங்கு மிக்ஸுக்குப் போகலாம், இன்னொரு பங்கு இந்தப் பள்ளத்துக்குப் போக வேண்டும்.

இந்தப் பாட்டுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. இரண்டு தட்டுகள் கொண்ட அந்த எல்பியில் அது மூன்றாவது பக்கத்தின் ஆறாவது பாட்டு, கடைசிக்கு முந்தியது. தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுத்தான் சுற்றும். ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே செக்கனுக்கு 51 சென்ரிமீற்றர் அளவுக்குப் பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது குறைந்து, கடைசி எல்லையில் 21 சென்ரிமீற்றருக்கு வந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் அடைக்க வேண்டும். கூர்மையான ஓசைகள் நெருக்கி எழுதப்படுகின்றன, சாதாரண வட்ட ஊசி அந்த நெளிவுகளுக்குள் முழுதாக இறங்காது. எல்பியிலேயே சத்தமான பாட்டு, பள்ளம் மிக நெருக்கமான இடத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது! முந்திய சொந்தக்காரர் தேய்ந்த ஊசியால் இருபது வருடம் ஓட்டியிருந்தால் அந்த இடம் முதலில் சிதைந்திருக்கும். அப்படிச் சிதைந்த ஸ்டீரியோ தட்டை நல்ல நிலையில் உள்ள மோனோ தட்டோடு ஒப்பிட்டு, ஸ்டீரியோ மிக்ஸ் கரகரக்கிறது என்று சொல்வது அநியாயம்.

கையில் இருப்பது என்ன தட்டு என்பதை லேபிளை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வெறும் வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பிரித்தானிய அழுத்தத்தில் மோனோ என்றால் எக்ஸ்-ஈ-எக்ஸ் என்றும், ஸ்டீரியோ என்றால் வை-ஈ-எக்ஸ் என்றும் எழுத்துகள் இருக்கும். மூன்றாவது பக்கத்தின் எண் 711. அதற்குப் பிறகு கோடு போட்டு வரும் எண் எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்லும். இவை தவிர, தனியாக ஓரிரு எழுத்துகள் பொறித்திருக்கும். அவை எத்தனையாவது அச்சு என்பதற்கான அடையாளம். கிராமஃபோன் கம்பனியின் பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து, ஒன்றிலிருந்து பூச்சியம் வரையான இலக்கங்களுக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள். அட்டையில் அடித்திருக்கும் வரிசை எண்ணுக்குத்தான் சேகரிப்பாளர்கள் காசைக் கொட்டுகிறார்கள். ரிங்கோ வைத்திருந்த முதலாம் இலக்கப் பிரதி 2015 டிசம்பரில் 790,000 டொலருக்கு ஏலம் போனது. அந்த எண்ணுக்கும் ஒலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி நம்ம மலைக்கு வருவோம். ஒருவகையில் மலையகம் மோனோவின் ஊர். இந்தப் பாட்டு வெளிவந்த காலத்தில் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாக மாறி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தமிழ்ச் சேவை, ஆங்கிலச் சேவை எதுவானாலும் மத்திய அலையிலோ சிற்றலையிலோ ஒற்றை ஒலியாகத்தான் ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது. சாதாரண ரேடியோப் பெட்டி 4, 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் ஒழுங்காகக் கேட்கவிடாது. சிம்பலின் சிலிர்ப்பெல்லாம் வழியிலேயே தொலைந்துவிடும். திருவிழாவுக்குத் தோட்டத்து மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் அப்படித்தான். மோனோ மிக்ஸ் அந்த மாதிரிப் பெட்டிகளை மனதில் வைத்துச் செய்தது. சின்ன ஒற்றை ஸ்பீக்கரிலும் குரல் மூழ்காமல், ட்ரம்ஸ் காணாமல் போகாமல் இருக்க வேண்டும் என்று தேர்ந்து செய்தது. விலையுயர்ந்த இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து மோனோவைக் கேட்டுவிட்டு, ‘அகலமே இல்லை’ என்று குறைபடுவதில் அர்த்தம் இல்லை. ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் அதன் நியாயம் விளங்கும்.

இந்தப் பிராந்தியத்துக்கே உரிய இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 78 சுற்றுத் தட்டுகள் 1960களின் ஆரம்பத்திலேயே ஓய்ந்துவிட்டன. கல்கத்தாவின் டம் டம் தொழிற்சாலையில் மட்டும், பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட 1960களின் நடுப்பகுதி வரை 78 சுற்று அரக்குத் தட்டில் அழுத்தினார்கள். கரண்ட் இல்லாத இடங்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமஃபோன்கள் இன்னும் உயிரோடு இருந்தன. நம்ம லயங்களுக்குக் கரண்ட் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ அந்த வண்டியைத் தவறவிட்டது. அரக்குத் தட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

இப்போது கிடைக்கும் டேர்ன்டேபிள்களில், அதாவது தட்டு ஓட்டும் பெட்டிகளில், பல ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான்கள். அவை 100 வோல்ட் கேட்கும், நம்ம 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான். ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கிவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. கரண்டின் அதிர்வெண்ணைப் பின்பற்றி ஓடும் பழைய ஏசி மோட்டார் என்றால், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது இலங்கையின் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். ஜப்பானிலேயே கிழக்கில் 50, மேற்கில் 60 என்று இரண்டு விதம் என்பதால் பெட்டிக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வித்தியாசம் சின்னதல்ல, சுருதி மூன்று அரைச்சுருதிக்கு மேல் இறங்கிவிடும். அப்படி ஒரு மோட்டாரில் மோனோ ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ 4 நிமிடம் 20 செக்கன் அளவுக்கு இழுபடும். கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர் ஸ்டீரியோ மிக்ஸைத்தான் கேட்கிறோம் என்று எண்ணிவிடுவார்! மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும், குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள டைரக்ட் டிரைவ் வகைக்கு இந்த வியாதி இல்லை. மற்றவற்றுக்கு 50 ஹேர்ட்ஸ் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை ஒன்றை வைத்து, கரண்டில் எரியும் பல்பின் கீழ் பார்த்தால் போதும். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. பற்றரியில் எரியும் டோர்ச்சுக்கு இது வேலை செய்யாது.

குளிரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜில் ஊசித் தண்டைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு துளி இறப்பர். தயாரிப்பாளர்கள் தரும் அளவுகள் 20 பாகையை ஒட்டிய அறை வெப்பத்துக்கானவை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரியே 16 பாகைதான், ஜனவரி இராத்திரியில் 10 பாகைக்குக் கீழேயும் போகும். இறப்பர் விறைத்தால் ஊசி பெரிய அசைவுகளைப் பின்தொடரத் திணறும். சத்தமான பாட்டின் உள்வட்டத்தில் ‘ச’ ஓசைகள் சீறும், சிம்பல்கள் உடையும். மத்தியான வெயிலில் மோனோவைக் கேட்டு, இராத்திரிப் பனியில் ஸ்டீரியோவைக் கேட்டு ஒப்பிட்டால், ஒப்பிட்டது வெப்பநிலையைத்தான். அறையைச் சூடாக்கி, ஒரு பக்கம் எதையாவது ஓடவிட்டு, அதன் பிறகு தொடங்க வேண்டும். ஈரத்தால் வரும் பூஞ்சணம் தனிக்கதை. அது வினைலைத் தின்பதில்லை, கடதாசி உறையிலும் விரல் பட்ட அழுக்கிலும் வளர்ந்து பள்ளத்துக்குள் அடைத்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் கலந்து மென்மையான தூரிகையால் கழுவலாம். 78 சுற்று அரக்குத் தட்டில் மட்டும் அல்கஹோல் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

எப்படித்தான் ஒப்பிடுவது? தேயிலை பேக்டரியில் ருசி பார்க்கும் மேசையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தூள், கொதித்த தண்ணீர், 6 நிமிடம் என்பது சர்வதேச நியமம். கோப்பை, தண்ணீர், நேரம் எதுவும் மாறக் கூடாது, தூள் மட்டுமே மாறலாம். டீமேக்கர் ஒரு கோப்பையில் கூடுதலாகத் தூள் போட்டுவிட்டு ‘இதுதான் கடுப்பான தேத்தண்ணி’ என்றால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? இசைத்தட்டில் நாம் தினமும் செய்வது அதுதான். 1 டெசிபல் சத்தம் கூடிய தட்டு காதுக்கு ‘நல்ல தட்டாக’ப் படும். சத்தம் கூடியதாகவே தெரியாது, தெளிவாக, உயிரோடு இருக்கிறது என்று தோன்றும். மோனோவும் ஸ்டீரியோவும் ஒரே அளவில் வெட்டப்பட்டவை அல்ல. ஆகவே ஒரே இடத்தில் ஃபோனை வைத்து, சத்தம் அளக்கும் செயலியால் பாட்டின் ஒரே பகுதியை அளந்து வால்யூமைச் சரிக்கட்டுங்கள். இயலுமானால் எது ஓடுகிறது என்று தெரியாத மாதிரி வீட்டில் வேறு யாரையாவது தட்டு மாற்றச் சொல்லுங்கள். முடிவு காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் மூன்றாவது நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். சத்தத்தைச் சரிக்கட்டிய பிறகும் எனக்கு மோனோவின் முதல் மூன்று நிமிடம்தான் பிடிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் உள்ள தூரம் பாதிக்குப் பாதி சுருங்கிவிட்டது.

1968 தட்டு கிடைக்காதவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. 2012இல் வந்த ஸ்டீரியோ வினைல், 2009இல் செய்த டிஜிட்டல் ரீமாஸ்டரிலிருந்து வெட்டியது. 2014இல் வந்த மோனோ வினைலை அபி ரோட்டில் ஷோன் மகீ, ஸ்டீவ் பெர்கோவிட்ஸோடு சேர்ந்து, டிஜிட்டல் குறுக்கீடு இல்லாமல் பழைய மோனோ நாடாக்களிலிருந்தே வெட்டினார். 2018இல் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்தது, ஜோர்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓக்கெலும் ஆதி நாடாக்களிலிருந்து புதிதாகச் செய்த ஸ்டீரியோ மிக்ஸ். அதில் ட்ரம்ஸும் பேஸும் கனமாக இறங்குகின்றன. 1968இன் இரண்டு மிக்ஸோடும் அதைப் போட்டிக்கு நிறுத்துவது சரியல்ல, ஐம்பது வருடத்துக்குப் பிந்திய காதுக்கு அது வேறொரு விளக்கம். ஆனால் அந்தப் பெரிய தொகுப்பில் ஜூலை 18இல் வாசித்த மெதுவான வடிவங்களில் 12 நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒன்று சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்டால் செப்டெம்பரில் என்ன மாறியது என்று புரியும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2014 மோனோவைச் சொல்வேன். அதற்கென்று மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. இருக்கிற ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் போட்டு, அம்ப்ளிபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். மேலும் கீழுமான அசைவில் இந்தத் தட்டில் பாட்டு எதுவும் இல்லை, தூசியும் கீறலும் தரும் இரைச்சல்தான் இருக்கிறது, அதில் பெரும்பகுதி போய்விடும். பழைய மோனோ கார்ட்ரிட்ஜ் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டும் கவனம். மேலும் கீழும் அசையத் தெரியாத வகையாக அது இருந்தால், அதை ஸ்டீரியோ தட்டில் ஒரு தடவைகூட இறக்காதீர்கள்.